வேதிப்பொருள் கலந்து தெளித்தால் காரைக்குடிப் பக்கம் பனி பெய்யுமா?

கேள்வி (பள்ளி ஆசிரியை, காரைக்குடி):
அனைவருக்கும் வணக்கம். எங்கள் மாணவர்கள் இமயமலையில் நடக்கும் நாடகம் ஒன்றை, கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டு முற்றத்தில் நடிக்கவிருக்கிறார்கள். வெளிநாட்டுப் பனிச்சறுக்குத் திடல்களில் தண்ணீரோடு ஒரு மருந்தைக் கலந்து பீய்ச்சிப் பனியை உண்டாக்குவதாகப் படித்தேன். அதை வரவழைத்து, வயலுக்கு மருந்தடிக்கும் தெளிப்பான் கொண்டு அடித்தால் இங்கும் பனி விழுமா? முற்றத்தைச் சுற்றி ஆத்தங்குடிக் கல் பதித்திருப்பதால் தரைக்கும் கேடு வரக் கூடாது.

பதில் 1 (இயற்பியல் ஆசிரியர், தேவகோட்டை):
விழாது, அம்மா. தாங்கள் படித்தது ஸ்நோமேக்ஸ் என்ற பொருளாக இருக்க வேண்டும். பயிர்களின் இலைகளில் வாழும் சூடோமோனஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியாவை வளர்த்து, கொன்று, உலர்த்தி அதைத் தயாரிக்கிறார்கள். அந்த பாக்டீரியாவின் மேலுள்ள ஒரு புரதம், நீர் மூலக்கூறுகள் பனிக்கட்டியின் ஒழுங்கில் அடுக்கிக்கொள்ள அச்சாக அமைகிறது. தூசு தும்பு இல்லாத சுத்தமான நீரின் நுண்துளி, பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 38 டிகிரி வரை உறையாமலே நிற்கக் கூடும்; இப்படியொரு அச்சு கிடைத்துவிட்டால் பூச்சியத்துக்குச் சற்றுக் கீழேயே உறைந்துவிடும். 1946இல் அமெரிக்க அறிவியலாளர் பெர்னார்ட் வானகட், மேகங்களில் தூவி மழையோ பனியோ பெய்விக்கச் சில்வர் அயோடைடைப் பரிந்துரைத்ததும் அதன் படிக அமைப்பு பனிக்கட்டியை ஒத்திருப்பதால்தான்.

ஆனால் இவை எதுவும் தண்ணீரைக் குளிர்விப்பதில்லை. அந்த வேலையைக் காற்றுதான் செய்ய வேண்டும், அதற்கு ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு, பூச்சியத்துக்குக் கீழே இருந்தாக வேண்டும். நம் ஊரில் மார்கழி விடியற்காலையிலும் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியே நிற்கும்போது, எந்த மருந்தைக் கலந்தாலும் தரைக்கு வருவது தண்ணீர்தான்.

பதில் 2 (கலை இயக்கத் துறையில் பணிபுரிபவர், காரைக்குடி):
தங்களுக்குத் தேவை பனியின் தோற்றம் மட்டுமே என்பதால் சோடியம் பாலிஅக்ரிலேட் போதும். வெண்ணிறப் பொடியான அதில் தண்ணீர் ஊற்றியதும், பொங்கும் சாதம் போல நொடிகளில் எழும்பி, கையில் அள்ளினால் உதிர்கிற வெண்துகளாக நிற்கும். படப்பிடிப்புகளில் தரையில் கிடக்கும் பனிக்கு இதைத்தான் பரப்புகிறோம். மேலிருந்து உதிர்வதற்கு மெல்லிய வெள்ளைத் தாளைப் பொடியாக நறுக்கிக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் அமெரிக்கத் திரைப்படங்களில் கல்நார்த் தூளையே பனியாகத் தூவினார்கள். நுரையீரலை அழிக்கும் பொருள் அது. எனவே என்ன பொருள் என்று எழுதாத எந்தப் பொடியையும் பிள்ளைகள் அருகில் கொண்டுவராதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. குழந்தைகளின் டயப்பரிலும் இதே பொருள் இருப்பதாகச் சொல்கிறார்கள். அதைப் பிரித்து எடுத்துக்கொள்ளலாமா? ஆழ்துளைக் கிணற்று நீர் போதுமா?

பதில் 3 (வேதியியல் ஆய்வாளர், காரைக்குடி):
டயப்பரில் உள்ள வகை நீரை உறிஞ்சியதும் கூழாகிவிடும். உதிரியாக நிற்பதற்கென்றே தயாரித்த வகையைக் கேட்டு வாங்குங்கள். தண்ணீரைப் பற்றி நீங்கள் கேட்டது மிக முக்கியமானது. இப்பொருளின் சங்கிலிகளில் உள்ள எதிர்மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளுவதால்தான் அது விரிகிறது. வாலை வடிநீரில் தன் எடையைப் போல் பல நூறு மடங்கு நீரை உறிஞ்சும் பொருள், உப்பு நீரில் அதில் ஒரு சிறு பங்கைத்தான் ஏற்கும். கடின நீரிலுள்ள கால்சியமோ சங்கிலிகளைப் பிணைத்துச் சரியாக விரிய விடாது. முற்றத்து ஓட்டுச் சரிவில் வடியும் மழைநீரைப் பிடித்துவைக்கும் வழக்கம் அந்த வீட்டில் இன்னும் இருந்தால், அதையே கேட்டு வாங்கி வடிகட்டிப் பயன்படுத்துங்கள்.

உலர்ந்த பொடி மூச்சிலோ கண்ணிலோ படக் கூடாது என்பதால், கலக்கும் வேலையைப் பெரியவர்களே முகக்கவசத்துடன் செய்யட்டும். ஈரமான துகள் ஆத்தங்குடிக் கல்லில் கடுமையாக வழுக்கும். தார்ப்பாய் விரித்து அதன் மேல் பரப்பி, பிள்ளைகள் நடக்கும் பாதையை விட்டுவிடுங்கள். நாடகம் முடிந்ததும் முற்றத்துத் தூம்புக்குள் தள்ளிவிடாதீர்கள், உள்ளே ஊறி அடைத்துக்கொள்ளும். வாளியில் வாரி உப்பைத் தூவினால் நீரை விட்டுச் சுருங்கிவிடும். வடித்துக் குப்பையில் சேர்க்கலாம். அந்த உப்பைக் கல்லின் மேல் மட்டும் போட வேண்டாம், சிமெண்டில் செய்த கல் என்பதால் வெள்ளை பூத்துவிடும்.