ஒரு வௌவால் பூச்சி பிடித்தால் வேறு இன வௌவாலுக்கு எப்படித் தெரிகிறது?

வெண்ணாற்றங்கரை:
நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர். வாய்க்கால் மதகுக்கு மேலே ஒரு தெருவிளக்கு, சம்பா நடவு சமயத்தில் அதைச் சுற்றிப் பூச்சி மொய்க்கும். முதலில் கட்டைவிரல் அளவு சின்ன வௌவால் வந்து சுற்றும், கொஞ்ச நேரத்தில் கோபுரத்தில் இருக்கிற பெரிய வகையும் வந்துவிடும். தனித்தனியாக விளக்கைத் தேடி வருகின்றனவா, இல்லை ஒன்றின் சத்தத்தை மற்றது ஒட்டுக்கேட்கிறதா? வேற்றினத்தின் பாஷை புரியுமா என்ன?

ராக்கூத்து:
பாஷை புரியவே வேண்டாம் நண்பரே. வௌவால் கத்தி, அதன் எதிரொலியை வைத்துத்தான் இரையைக் கண்டுபிடிக்கிறது. சும்மா தேடிக்கொண்டு பறக்கும்போது விட்டுவிட்டுக் கத்தும், பூச்சியை நெருங்க நெருங்க இடைவெளி குறைந்துகொண்டே வந்து கடைசியில் விநாடிக்கு 150 தடவைக்கு மேல் போய் ஒரே ரீங்காரமாகிவிடும். பறக்கிற பூச்சி அந்தக் கணத்தில் எங்கே இருக்கிறது என்று தெரிய அந்த வேகம் வேண்டும், அதனால் வாயை மூடிக்கொண்டு பிடிக்க வழியில்லை. பக்கத்தில் இருப்பவனுக்கு அது சாப்பாட்டு மணி. ராபர்ட் பார்க்லே 1982இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்ட பெரும்பழுப்பு வௌவாலின் குரலுக்குச் சிறுபழுப்பு வௌவால்கள் தேடி வந்தன. வட அமெரிக்காவில், இரண்டும் வேறு வேறு இனம்.

தாளடி:
ஸ்பீக்கர் சோதனை சரி, ஆனால் உங்கள் மதகில் நடப்பது அதுதான் என்று எப்படிச் சொல்வது? விளக்குக்குப் பூச்சி, பூச்சிக்கு எல்லா வௌவாலும். தவிர, நம் காதுக்கு எட்டாத அந்த உயர் அதிர்வெண் ஒலி காற்றில் சீக்கிரம் தேய்ந்துவிடும், கோபுரம் வரை எட்டுமா? கூட்டம் சேர்ந்தால் நஷ்டமும் உண்டு: அமெரிக்காவில் ஒரு வகை வௌவால், போட்டியாளன் பூச்சியை நெருங்கும் நேரம் பார்த்து குறுக்கே கத்தி அவனைத் தவறவிட வைக்கிறது என்று 2014இல் கண்டுபிடித்தார்கள். விளக்கை ஒரு ராத்திரி அணைத்துவிட்டு, வாய்க்காலுக்கு மேலே இருட்டில் யார் பின்னால் யார் வருகிறார் என்று பாருங்கள்.

ராக்கூத்து:
அதுவும் நியாயம்தான். ஆனால் ஃபோன் மைக்கை நம்பாதீர்கள், அதில் இந்தச் சத்தம் பெரும்பாலும் விழாது. வௌவால் சத்தத்தை நம் காதுக்குக் கேட்கிற மாதிரி மாற்றித் தரும் பேட் டிடெக்டர் கருவி வேண்டும், அதில் கடைசி ரீங்காரம் துணி கிழிகிற மாதிரி ‘கர்ர்ர்’ என்று கேட்கும். அப்புறம், மரத்தில் கூட்டமாகத் தொங்குகிற பழந்தின்னி வௌவாலை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது கண்ணையும் மூக்கையும் நம்பிப் போகிறது.

வெண்ணாற்றங்கரை:
விளக்கை அணைக்க லைன்மேனைத்தான் பிடிக்க வேண்டும், கேட்டுப் பார்க்கிறேன். மன்னார்குடி, கும்பகோணம் பக்கம் யாரிடமாவது டிடெக்டர் இருந்தால் இரண்டு நாள் இரவல் தருவீர்களா?