வீட்டுப் படிப்பிலிருந்து அரசுப் பள்ளிக்கு: எங்கே இடறியது?

தென்னாப்பிரிக்காவில் பிள்ளையை வீட்டுப் படிப்பிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாற்றியபோது எங்கே சிக்கியது என்று நான்கு ஊர்க்காரர்கள் சொன்னது.

சாட்ஸ்வர்த்:
கிரேடு 5-க்குச் சேர்க்க வந்த அம்மா. பையனுக்கு இதுவரை வீட்டிலேயே பாடம். பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை, பெற்றோர் ஐடி நகல், தண்ணீர்-கரண்ட் பில், எல்லாம் கொடுத்தாயிற்று. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரே கேள்வி: “டிரான்ஸ்ஃபர் கார்டு?” பையன் அம்மா முகத்தைப் பார்த்தான். அம்மா பையைத் திறந்து, இல்லாத தாளைத் தேடினார். திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அனுப்பியிருக்கக் கூடாது. முந்தைய பள்ளி கொடுக்கும் அந்த மாற்றுக் கார்டு இல்லையென்றால் கடைசி ரிப்போர்ட், அதற்கு ஈடான தாள், இல்லை பெற்றோரின் அபிடவிட் (சத்தியப் பத்திரம்) போதும். கார்டு ஏன் இல்லை, எந்த கிரேடு வரை படித்தான் என்று அதில் எழுதணும். போலீஸ் ஸ்டேஷனில் காசில்லாமல் சத்தியம் செய்து கையெழுத்துப் போடலாம். வீட்டுக் கல்விக்கு மாகாணம் கொடுத்த பதிவுக் கடிதம் இருந்தால் மேலே வையுங்கள். கிரேடு 3, 6, 9 முடிவில் மதிப்பீட்டாளர் எழுதிய அறிக்கை அதற்கடுத்து.

பீனிக்ஸ்:
அண்ணா, தாள் பாதிதான். கிரேடு 7-இல் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு இங்கிலீஷ், கணக்கு இரண்டும் நன்றாக வரும். ஆப்பிரிகான்ஸ் மொழியின் முதல் டெஸ்டில் பேரை மட்டும் எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டில் அந்தப் பாடத்தைத் தொட்டதே இல்லை. ‘ஹோம் லாங்குவேஜ்’ என்கிற முதன்மை மொழிப் பாடத்தில் 50%, அடுத்ததாகப் படிக்கும் முதல் கூடுதல் மொழியில் 40% வராமல் அடுத்த கிரேடு கஷ்டம். பள்ளியில் கூடுதல் மொழி ஆப்பிரிகான்ஸா, இசிசூலுவா (சூலு மொழி) என்பதை முதலில் கேளுங்கள். ஆறு மாதம் முன்னாடியே தினம் அரை மணி நேரமாவது ஆரம்பிக்கணும். கடைசி மாதத்தில் டியூஷன் வைத்தால் சொல் மட்டும் ஏறும், வாக்கியம் ஏறாது.

லெனேசியா:
எங்கள் கௌட்டெங் மாகாணத்தில் ஆன்லைன் விண்ணப்பம் கிரேடு 1, 8-க்கு மட்டும். நடு கிரேடுக்கு நேரே பள்ளிக்கே போகணும். இது தெரியாமல் இணையதளம் திறக்கும் என்று வாரக்கணக்கில் காத்திருந்த குடும்பம் உண்டு.

டர்பன் நார்த்:
பீனிக்ஸ் அக்கா சொன்னதில் பாதிதான் சம்மதம். மொழியை விட கிரேடு 10 பெரிய வாசல்: மெட்ரிக் (கிரேடு 12) வரைக்குமான பாடங்களை அங்கேதான் தேர்ந்தெடுக்கணும். வீட்டில் கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம் படித்த பையனை கிரேடு 11 நடுவில் கொண்டுவந்தார்கள். எடுத்த பாடங்களில் இரண்டு அந்தப் பள்ளியிலேயே இல்லை. தலைமையாசிரியர் பட்டியலை விரலால் தடவி, ஒன்றும் சொல்லாமல் மூடினார்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மெட்ரிக்கில் பெரும்பாலான பாடங்களுக்கு 25% பள்ளி மதிப்பீடு, 75% பரீட்சை. வருடம் முழுக்கக் கொடுக்கும் டாஸ்க்கில்தான் அந்த 25 சேர்கிறது. அதனால் மாற்றுவதானால் கிரேடு 10 தொடக்கம், ஜனவரியில். கிரேடு 9 முடியும் முன்பே எந்தெந்தப் பாடம் எடுக்கலாம் என்பதைப் பள்ளியிடம் எழுத்தில் வாங்குங்கள். கணிதமா, கணித எழுத்தறிவா (அன்றாடக் கணக்கு சொல்லும் எளிய பாடம்) என்பதை அவசரத்தில் முடிவு செய்யாதீர்கள்: இரண்டாவதிலிருந்து முதலாவதுக்கு ஏறுவது மிகக் கடினம்.

இன்னொன்று. சேர்க்கைக்காக டெஸ்ட் வைக்க அரசுப் பள்ளிக்கு உரிமை இல்லை. 1996 பள்ளிச் சட்டத்தின் 5ஆம் பிரிவு அது. சேர்த்த பிறகு பிள்ளை எங்கே நிற்கிறது என்று ஆசிரியர் பார்ப்பது வேறு, அதற்கு ஒத்துழையுங்கள். பள்ளி சேர்க்க மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீடு மாகாணக் கல்வி அமைச்சருக்கு (எம்.இ.சி).

சாட்ஸ்வர்த்:
அந்த அம்மா அபிடவிட்டோடு மறுநாள் போனார். பையன் கிரேடு 5-இல்தான் இருக்கிறான்.