40 ஆயிரத்துக்கு கேமிங் பிசி, இந்த லிஸ்ட் ஓகேவா? நாளைக்கே வாங்கணும்

மலைப்பையன்07
நண்பர்களே அவசரம். சேலத்துல ஒரு கடையில கேமிங் பிசிக்கு லிஸ்ட் போட்டுக் குடுத்திருக்காங்க. ஐ7 பிராசஸர், 16ஜிபி ராம், 4ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 512 எஸ்எஸ்டி, ஆர்ஜிபி கேபினெட். 40க்குள்ள முடிச்சுத் தர்றாங்களாம். வாங்கலாமா? காலையில மாமா கூட கடைக்குப் போறேன், சீக்கிரம் சொல்லுங்க.

அஸ்தம்பட்டி_கேமர்
ப்ரோ, ஐ7ல எத்தனாவது ஜெனரேஷன்? கார்டு எந்த மாடல்? மானிட்டர் இந்த 40க்குள்ளயா, தனியா? என்ன கேம் ஆடுவீங்க?

செவ்வாய்ப்பேட்டை86
லிஸ்ட்டை போட்டோ எடுத்துப் போடுங்க தம்பி. பவர் சப்ளை என்னன்னே எழுதல பாருங்க. கேபினெட்டோட சேர்த்துக் குடுக்குற டப்பா சப்ளையா இருந்தா மொதல்ல அதை மாத்தச் சொல்லுங்க.

பழைய_கை
வாராவாரம் இதே கேள்வி. மேல தேடுற வசதி இருக்கு, யாரும் தொடுறதில்ல. ஐ7ன்னு மட்டும் எழுதிட்டு வாங்கலாமான்னு கேட்டா யாராலயும் பதில் சொல்ல முடியாது. அடிப்படையைக் கத்துக்கிட்டு அப்புறம் கடைக்குப் போங்க. இன்னைக்குத் தேதிக்கு ஏஎம்டியோட புது ஏஎம்5 சாக்கெட் போர்டு, புதுத் தலைமுறை டிடிஆர்5 ராம், இதுக்குக் கீழ எதுவும் வாங்காதீங்க.

மலைப்பையன்07
ஐ7 3770ன்னு போட்டிருக்கு. கார்டு ஜிடி 730. மானிட்டரும் 40க்குள்ளதான் அண்ணா. வாலரன்ட், ஜிடிஏ 5 ஆடணும், காலேஜ் வேலையும் பாக்கணும்.

அஸ்தம்பட்டி_கேமர்
அட்வான்ஸ் குடுத்துடாதீங்க ப்ரோ!! 3770 வந்தது 2012ல. ஐ7ங்கிற பேரு பெருசில்ல, பின்னாடி வர்ற நம்பர்தான் முக்கியம். அதுல விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவே கிடையாது, இன்டெல்னா 8வது ஜெனரேஷன்ல இருந்துதான். விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபரோட முடிஞ்சுது. எப்படியோ 11ஐ ஏத்திட்டாலும் வாலரன்ட் டிபிஎம் 2.0, செக்யூர் பூட்னு போர்டுல இருக்க வேண்டிய ரெண்டு பாதுகாப்பு வசதியையும் கேக்கும். அந்தக் காலத்து போர்டுல டிபிஎம் 2.0 இருக்காது.

ஜிடி 730ம் 2014 சரக்கு. 4ஜிபின்னு எழுதியிருக்கிறதைப் பாத்து ஏமாறாதீங்க, அந்தச் சிப்புக்கு அவ்வளவு மெமரியைப் பயன்படுத்துற வேகமே இல்ல.

என் யோசனை: இப்போதைக்கு கார்டே வேண்டாம். ஏஎம்டியோட ரைசன் 5 5600ஜி பிராசஸர், இல்லன்னா 5600ஜிடி. அதுக்குள்ளயே கிராபிக்ஸ் இருக்கு. வாலரன்ட் நல்லாவே ஓடும், ஜிடிஏ 5 செட்டிங்ஸைக் குறைச்சு வச்சா ஆடலாம். ஆனா ராம் 8ஜிபி ரெண்டு குச்சியா வாங்குங்க, 16 ஒரே குச்சி வேண்டாம். உள்ள இருக்கிற கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ராமைத்தான் எடுத்துக்கும். ரெண்டு குச்சி போட்டாத்தான் ரெண்டு வழியாவும் டேட்டா போகும், எஃப்பிஎஸ்ல, அதாவது செகண்டுக்கு எத்தனை ஃபிரேம் ஓடுதுங்கிறதுல, வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ராம் விலை ஏறிக் கெடக்கறதால 40 இறுக்கமாத்தான் இருக்கும். மானிட்டரை மட்டும் பழசா நல்லதாப் பாத்து வாங்கிடுங்க.

இன்னும் ஒரு 20 கூட்ட முடிஞ்சா கதை வேற. ரைசன் 5 5600, கூட ஆர்எக்ஸ் 6600 8ஜிபி கார்டு. ஆனா அந்த 5600ல கிராபிக்ஸ் கிடையாது, கார்டு இல்லாம ஸ்கிரீன்ல ஒண்ணும் வராது. ஒரு எழுத்து மாறினாலே சாமான் மாறிடும், பில்லுல எழுத்து எழுத்தாப் பாருங்க.

பழைய_கை
நீங்க சொல்ற 5600 வகையெல்லாம் உக்கார்ற பழைய ஏஎம்4 சாக்கெட் முடிஞ்சு போன பிளாட்பாரம். புதுசா வர்ற ஒருத்தரை அதுல தள்ளிவிடுறது பொறுப்பில்லாத யோசனை. ஏஎம்5ல 2027 வரைக்கும், அதுக்கு மேலயும் புதுச் சிப்பு வரும்னு ஏஎம்டியே சொல்லியிருக்கு.

அஸ்தம்பட்டி_கேமர்
சரிங்க, மானிட்டரோட சேர்த்து 40க்குள்ள ஒரு ஏஎம்5 லிஸ்ட் போட்டுக் காட்டுங்க. டேட்டா சென்டர்காரங்க மெமரியை அள்ளிக்கிட்டுப் போறதால டிடிஆர்5 என்ன விலைக்கு நிக்குதுன்னு உங்களுக்கும் தெரியும். காலேஜ் பையன், இருக்கிற காசுல இப்ப ஓடுறதுதான் வேணும்.

செவ்வாய்ப்பேட்டை86
தம்பி, கார்டு பின்னாடி போடுறதா இருந்தாலும் சப்ளையை இப்பவே 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் தரச் சான்று உள்ளதா வாங்கிடுங்க. வீடு எங்க?

மலைப்பையன்07
ஏற்காடு, நாகலூர்ப் பக்கம். கரண்ட் அடிக்கடி போகும். வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கு, அது போதும்ல?

தறிவீடு_கொண்டலாம்பட்டி
போதாது. தனி யூபிஎஸ் கட்டாயம் வேணும், 600 விஏ ஒண்ணு வாங்குங்க. எங்க தெருவுல தறிங்க ஓடுறப்ப வோல்டேஜ் ஏறி இறங்கும், யூபிஎஸ் இல்லாம கம்ப்யூட்டரே போடமாட்டேன்.

காபித்தோட்டம்_எஸ்டேட்
ஏன் போதாது? இன்வெர்ட்டர்ல யூபிஎஸ் மோட்னு சுவிட்ச் இருக்கும், அதுல வச்சா சீக்கிரம் பேட்டரிக்கு மாறும். நான் மலையிலதான் இருக்கேன், அப்படித்தான் ஓட்டறேன்.

தறிவீடு_கொண்டலாம்பட்டி
எல்லா இன்வெர்ட்டரும் ஒண்ணில்லைங்க. கரண்ட் போனா பிசியோட நல்ல பவர் சப்ளை சுமார் 16 மில்லி செகண்ட்தான் தாங்கும். அதுக்குள்ள மாறலன்னா ரீஸ்டார்ட் ஆயிடும். கரண்டைக் கட்டங்கட்டமாத் தர்ற ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரா இருந்தா ஆக்டிவ் பிஎஃப்சிங்கிற சர்க்யூட் உள்ள பவர் சப்ளைக்குப் பல நேரம் ஒத்துக்காது. லைன் கரண்ட் மாதிரியே சீராத் தர்ற சைன் வேவான்னு சொல்லாம போதும்னு சொல்லக் கூடாது.

காபித்தோட்டம்_எஸ்டேட்
சைன் வேவ்தான் இப்ப நிறைய வீட்டுல. 600 விஏ யூபிஎஸ்ஸை வாங்கச் சொல்றீங்களே, அதுல நிறைய மாடல் 360 வாட்தான் தரும். பின்னாடி கார்டு போட்டு, மானிட்டரும் அதுல மாட்டினா எவ்வளவு நேரம் நிக்கும்?

தறிவீடு_கொண்டலாம்பட்டி
கேமை சேவ் பண்ணி ஷட்டௌன் பண்ற அளவுக்கு நின்னாப் போதும். மணிக்கணக்கா ஆடறதுக்கு யாரும் யூபிஎஸ் வாங்கறதில்ல.

செவ்வாய்ப்பேட்டை86
ரெண்டு பேரும் எர்த்தை விட்டுட்டீங்களே. மலையில பாறை நிலம், எர்த் சரியா அமையறது கஷ்டம். எலக்ட்ரீஷியனை வச்சு மொதல்ல அதைப் பாருங்க தம்பி. கேபினெட்டைத் தொட்டா சுருக்குன்னா எர்த் சரியில்லன்னு அர்த்தம். கோடை மழைக்கு இடி இடிக்க ஆரம்பிச்சா யூபிஎஸ், இன்வெர்ட்டர் எது இருந்தாலும் நம்பாம பிளக்கைப் பிடுங்கிடுங்க, நெட் பெட்டியோடதையும் சேர்த்து.

பழைய_கை
தலைப்பு பிசி பத்தி. கரண்டுக்குத் தனி இழை இருக்கு, அங்க போய்ப் பேசுங்க.

செவ்வாய்ப்பேட்டை86
போர்டு எரிஞ்சா பிசியே இல்லைங்க. இங்கதான் பேசணும்.

மலைப்பையன்07
வேற கடையில வாங்கிட்டோம். 5600ஜிடி, 8+8, 550 வாட். மானிட்டர் மாமா பையனோட பழசு. வாலரன்ட் ஓடுது. எல்லாருக்கும் நன்றி அண்ணா.

அஸ்தம்பட்டி_கேமர்
சூப்பர் ப்ரோ! பயோஸ்ல எக்ஸ்எம்பி ஆன் பண்ணீங்களா? இல்லன்னா ராம் குறைஞ்ச வேகத்துலயே ஓடும். டாஸ்க் மேனேஜர்ல மெமரி வேகம் என்ன காட்டுதுன்னு பாத்துச் சொல்லுங்க.

செவ்வாய்ப்பேட்டை86
எர்த் பாத்தாச்சா தம்பி?

தறிவீடு_கொண்டலாம்பட்டி
இன்வெர்ட்டர் சைன் வேவா இல்லையான்னும் சொல்லிட்டுப் போங்க.