ப்ளூடூத் டாங்கிள் போட்டும் ஹெட்செட் விட்டு விட்டுக் கேட்குது, என்ன பண்ணலாம்?

கொடுங்கையூர்வாசி:
டெஸ்க்டாப்ல ப்ளூடூத் கிடையாது. 5.0 டாங்கிள் வாங்கி, கேபினெட் பின்பக்கம் நீல போர்ட்ல சொருகியிருக்கேன். விண்டோஸ் 10. ஹெட்செட் கனெக்ட் ஆகுது, ஆனா பாட்டு விட்டு விட்டு வருது. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்ல காப்பி ஓடினா சுத்தம், மவுஸும் திக்குது. வேற டாங்கிள் வாங்கணுமா அண்ணா?

பெரம்பூர் பெஞ்ச்:
காசை வீணாக்காதீங்க தம்பி, போர்ட்டை மாத்துங்க. நீலம்னா பெரும்பாலும் யுஎஸ்பி 3.0. அதுல டேட்டா ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கசியும். ப்ளூடூத்துக்கும் அதே அலைவரிசைதான். இதை இன்டெல் 2012லயே அளந்து அறிக்கை போட்டாச்சு. ஹார்ட் டிஸ்க் ஓடினா மோசமாகுதுன்னு நீங்க சொன்னதே போதும், வேற டெஸ்ட் வேண்டாம். அது போக, டாங்கிளுக்கும் உங்களுக்கும் நடுவுல மொத்த இரும்புப் பெட்டியும் நிக்குது.

1 மீட்டர் யுஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, கறுப்பு போர்ட்ல போட்டு, டாங்கிளை மேஜை மேல கொண்டு வாங்க. ஹார்ட் டிஸ்க் ஒயர் பக்கத்துல வைக்காதீங்க. இதுக்காக ரிச்சி ஸ்ட்ரீட் வரைக்கும் போக வேண்டாம்.

தண்டையார்பேட்டை நெட்:
வைஃபையையும் பாருங்க. நம்ம ஏரியாவுல சுவருக்குச் சுவர் ஒரு ரவுட்டர், எல்லாம் 2.4லதான் ஓடுது. உங்க ரவுட்டர்ல 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தா கம்ப்யூட்டரை அதுல போடுங்க. மவுஸ் மட்டும் அப்புறமும் திக்கினா, டிவைஸ் மேனேஜர்ல ப்ளூடூத் அடாப்டர் ப்ராப்பர்ட்டீஸ் திறந்து, பவர் மேனேஜ்மென்ட்ல இருக்கிற டிக்கை எடுத்துடுங்க.

கொடுங்கையூர்வாசி:
கேபிள் போட்டதும் பாட்டும் மவுஸும் ஓகே. ஆனா மீட்டிங்ல மைக் ஆன் பண்ணா சத்தம் பழைய லேண்ட்லைன் மாதிரி ஆயிடுது.

பெரம்பூர் பெஞ்ச்:
அதுக்கும் டாங்கிளுக்கும் சம்பந்தமில்லை. ப்ளூடூத்ல பாட்டுக்கு ஏ2டிபின்னு ஒரு மோடு, அது ஸ்டீரியோ. மைக் திறந்த உடனே விண்டோஸ் ஹேண்ட்ஸ்ஃப்ரீங்கிற போன் பேசுற மோடுக்குத் தாவிடும். அது மோனோ, சாம்பிள் ரேட் 8 இல்லைன்னா 16 கிலோஹெர்ட்ஸ். மீட்டிங் ஆப்ல மைக்குக்கு வெப்கேமையோ 3.5 மிமீ மைக்கையோ தேர்ந்தெடுங்க, ஸ்பீக்கருக்கு மட்டும் ஹெட்செட்.

அப்பவும் தாவினா: கன்ட்ரோல் பேனல், டிவைசஸ் அண்ட் பிரிண்டர்ஸ், ஹெட்செட் மேல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், சர்வீசஸ். அங்க ஹேண்ட்ஸ்ஃப்ரீ டெலிஃபோனி டிக்கை எடுங்க. அதுக்கப்புறம் இந்தக் கம்ப்யூட்டர்ல ஹெட்செட் மைக் வேலை செய்யாது. போன்ல வழக்கம்போலப் பேசலாம்.