வானவில் சட்டையா, ரூபே கல்லா?

அடிவாரத்தான்:
நேற்றுக் காலை ஏற்காட்டில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடித்து டீ குடிக்கும்போது ஆரம்பித்த சண்டை, கோரிமேடு இறங்கி வந்தும் தீரவில்லை. சைக்கிள் பந்தயத்தில் உலக சாம்பியன் பட்டம் பெரிதா, பாரிஸ்-ரூபே மாதிரிப் பழைய ஒருநாள் பந்தயம் பெரிதா? நான் ரூபே பக்கம். 1896-இல் தொடங்கியது, ஏறக்குறைய 260 கி.மீ., அதில் 55 கி.மீ. போலக் கல் பாவிய பாதை, ஜெயித்தவர் கையில் கொடுப்பதும் அதே மாதிரி ஒரு கல்தான். உலகப் போட்டி வருஷத்துக்கு ஒரு ஊர். 2016-இல் தோஹாவில் மேடே இல்லாத பாலைவனம், 2025-இல் கிகாலியில் மேட்டுக்கு மேல் மேடு. எந்த ஊர் என்பதிலேயே பாதி முடிவு வந்துவிடுகிறது.

குப்பனூர் வழி:
அண்ணே, கல்லை வீட்டு ஷோகேஸில்தான் வைக்க முடியும். உலக சாம்பியனுக்குக் கொடுக்கும் வானவில் சட்டையை ஒரு வருஷம் முழுக்கப் போட்டு ஓட்டலாம், அது போன பிறகும் சட்டைக் கையில் அந்தக் கோடுகள் இருக்கும். அப்புறம், அங்கே காதில் ரேடியோ கிடையாது, கம்பெனி அணி கிடையாது, நாட்டுக்காக ஓட்டுகிறார்கள். 2024-இல் சூரிச்சில் பொகாச்சர் இன்னும் 100 கி.மீ. இருக்கும்போதே கூட்டத்தை விட்டுக் கிளம்பிப் போய் ஜெயித்தாரே, பின்னால் இருந்தவர்களுக்குக் காரிலிருந்து கணக்குச் சொல்ல ஆளிருந்தால் அவ்வளவு குழம்பியிருப்பார்களா?

அடிவாரத்தான்:
நாட்டு அணி என்பதுதான் தம்பி குறையே. சின்ன நாட்டுக்காரனுக்குத் துணைக்கு யார் இருக்கிறார்கள்? சுவிட்சர்லாந்தின் கான்செலாரா, பெல்ஜியத்தில் நடக்கும் ஃப்ளாண்டர்ஸ் ஒருநாள் பந்தயத்தில் 3 வெற்றி, ரூபேயில் 3, ஆனால் உலக சாலைப் பட்டம் ஒன்றுகூட இல்லை. டி விலேமின்க் ரூபேயை 4 தடவை ஜெயித்தவர், அவருக்கும் இல்லை. 2000-இல் பட்டம் வாங்கிய வைன்ஸ்டெயின்ஸ் பேரை நம் குழுவில் எத்தனை பேர் சொல்வார்கள்?

குப்பனூர் வழி:
சின்ன நாடா? சகான் எந்த ஊர்? ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்து 2015, 16, 17 என்று வரிசையாக மூன்று! அந்த தோஹா பாலைவனத்திலும் அவர்தான்.

ஐந்துரோடு பஞ்சர்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். அடிவாரத்திலிருந்து ஏரி வரை எத்தனை நிமிஷம் என்று நாம் எல்லோருமே ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். பாதை மாறாததால்தான் பத்து வருஷத்துக்கு முன்னால் ஏறியவரோடும் இன்றைக்குப் போட்டி போட முடிகிறது, ரூபேயின் மவுசும் அதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் கல்லூரி நாளில் பைபாஸில் ஒரு பந்தயம் ஜெயித்தேன், மேடு பள்ளம் எதுவும் இல்லாத சப்பைப் பந்தயம், அந்தச் சான்றிதழைத்தான் அம்மா ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார். ஏற்காட்டு நேரத்தைச் சொன்னால் ‘பஸ்ஸுல போனா இன்னும் சீக்கிரம் போகலாமே’ என்கிறார்.

அடிவாரத்தான்:
அம்மா சொல்வது சரி, வெளியாளுக்குப் பட்டம்தான் புரியும். ஓட்டுகிறவனுக்குத்தான் பாதை புரியும். வான் டெர் பூல் 2023-இல் கிளாஸ்கோவில் சட்டையை வாங்கினார், அதைப் போட்டுக்கொண்டே 2024-இல் ஃப்ளாண்டர்ஸும் ரூபேயும் ஜெயித்தார். மேடையில் கல்லைத் தூக்கி நிற்கும் அந்தப் படத்தைப் பார், பேசவே வேண்டாம்.

குப்பனூர் வழி:
பார்த்தேன் அண்ணே. முதலில் சட்டைதான் தெரிகிறது.