எத்தியோப்பியா போய்ட்டு வந்தவங்க யாராவது இருக்கீங்களா?

வணக்கம். என் தம்பி ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில 10 வருஷமா கட்டிங் வேலை பார்க்கறான். இப்போ எத்தியோப்பியா தலைநகர் அடிஸ் அபாபாவுல வேலை வந்திருக்கு, அடுத்த மாசம் கிளம்பணும். அந்த நாட்டு வடக்குல டிக்ராய் பகுதியில நடந்த சண்டை 2022 நவம்பர்ல ஒப்பந்தத்தோட நின்னுச்சு. ஆனா 2023-லருந்து அம்ஹாரா பக்கம் சண்டைன்னு கேட்டதுலருந்து அம்மா சரியா சாப்பிடறதே இல்ல. தலைநகர்ல இருக்கறது வேற, வெளியூர் ரோட்டுல போறது வேறன்னுதான் எனக்குத் தோணுது. வாணியம்பாடி, ராணிப்பேட்டையிலருந்து தோல் வேலைக்கு அங்க போனவங்க தயவுசெஞ்சு சொல்லுங்க. ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சா தங்குற இடம் வரைக்கும் வண்டி விடுவாங்களா? லீவு நாள்ல ஊரைத் தாண்டிப் போகலாமா? பாஸ்போர்ட்டை வாங்கி வச்சுக்குவாங்களா? மஞ்சள் காய்ச்சல் ஊசியை கிளம்பறதுக்கு 10 நாளுக்கு முன்னாடியே கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போட்டுக்கச் சொல்லிட்டேன். நல்லதோ கெட்டதோ, பார்த்ததை அப்படியே எழுதுங்க. அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டணும்.