எஸ்எஸ் 316எல் காயில், டெம்ப் கன்ட்ரோல்: ஒரு தடவை கருகுது, இன்னொரு தடவை ஆவியே வரல

நீலஆவி

எல்லாருக்கும் வணக்கம். என் வேப் (இ-சிகரெட்) கருவியில பிரச்சினை. முதல்ல அமைப்பைச் சொல்லிடறேன். எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 316எல் கம்பி, 26 கேஜ், 3 மி.மீ. குச்சியில 7 சுற்று, இடைவெளி விட்டுச் சுற்றின ஒற்றைக் காயில். கட்டி முடிச்சப்போ 0.50 ஓம். டெம்ப் கன்ட்ரோல்ல (காயில் சூட்டுக்கு எல்லை வைக்கிற முறை) எஸ்எஸ் மோடு, 220 டிகிரி செல்சியஸ், 30 வாட். லிக்விட் 70 விஜி (கிளிசரின்), 30 பிஜி (ப்ரொப்பிலீன் கிளைக்கால்).

ரெண்டு நாள் அருமையா இருந்தது. டேங்கைக் கழட்டி லிக்விட் நிரப்பி மாட்டினதும் திரையில "புது காயிலா, பழைய காயிலா" கேள்வி வந்தது, "புது" அழுத்தினேன். அதுல இருந்து 0.52 ஓம் காட்டுது, இழுத்தா தொண்டையில குத்துற கருகல் சுவை. டேங்கைக் கழட்டி, ஆறவிட்டு மாட்டினா மறுபடியும் 0.50. கருகல் போச்சு. ஆனா இப்போ வேற பிரச்சினை: அரை நொடியில "டெம்ப் ப்ரொடெக்ட்" வந்து ஆவி மெலிஞ்சு போகுது. டேங்கை லேசாத் திருகினா கொஞ்ச நேரம் சரியாகுது, அப்புறம் பழையபடி.

காயிலை மாத்தணுமா? வாட்டைக் கூட்டணுமா? டிசிஆர் மோடுல (கம்பியின் ரெசிஸ்டன்ஸ் ஒரு டிகிரிக்கு எவ்வளவு ஏறும்னு நாமே சொல்ற மோடு) எண் போட்டா தீருமா, என்ன எண்?

ஓம்கணக்கு

காயிலை மாத்த வேண்டாம். உங்க ரெண்டு பிரச்சினைக்கும் வேர் ஒண்ணுதான்: உங்க கருவிக்கு வெப்பநிலை தெரியாது. காயில் பக்கத்துல எந்த சென்சாரும் கிடையாது. குளிர்ந்த காயிலின் ரெசிஸ்டன்ஸை நினைவுல வச்சுக்கிட்டு, சூடாகும்போது அது எவ்வளவு ஏறுதுன்னு பார்த்து, கணக்குப் போட்டு, "இப்போ இத்தனை டிகிரி இருக்கணும்"னு முடிவு பண்ணுது. கணக்குக்குப் போற எண் தப்புன்னா திரையில காட்டுற 220 வெறும் அலங்காரம்.

316எல் கம்பி ஒவ்வொரு டிகிரிக்கும் தன் ரெசிஸ்டன்ஸில் ஏறத்தாழ 0.00092 பங்கு ஏறும். 20 டிகிரியில 0.50 ஓம்னா, 220 டிகிரியில 200 டிகிரி ஏற்றம், அதாவது 0.184 பங்கு. 0.50 ஓம் 0.592 ஆகும். கருவி அந்த 0.592-ஐத் தொட்டதும் மின்சாரத்தைக் குறைக்கும். மொத்த விளையாட்டும் 0.092 ஓமுக்குள்ள நடக்குது, அதைக் கவனிங்க.

இப்போ முதல் கேஸ். இழுத்து முடிச்ச கையோட நிரப்பி மாட்டியிருக்கீங்க. காயில் இன்னும் சூடா, சுமார் 63 டிகிரியில இருந்திருக்கு, அதான் 0.52. "புது காயில்"னு சொன்னதால கருவி அந்த 0.52-ஐ 20 டிகிரின்னு எழுதிக்கிச்சு. அப்புறம் 220-க்கு அது தேடுற ரெசிஸ்டன்ஸ் 0.616. உங்க காயில் உண்மையில 0.616 ஆகணும்னா 271 டிகிரி போகணும். 50 டிகிரி அதிகம்! காயிலுக்குள்ள லிக்விடை உறிஞ்சி வைக்கிற காட்டன் தீயும். கிளிசரின் சிதைஞ்சு அக்ரோலின்ங்கிற நச்சு உருவாகுற 280-ஐ ஒட்டின சூடு அது. அந்தத் தொண்டைக் குத்தலை அலட்சியம் பண்ணாதீங்க.

ரெண்டாவது கேஸ் இதுக்கு நேர் எதிர். அடிப்படை 0.50-ன்னு சரியாப் பூட்டியிருக்கு (கருவி நினைவுல நிலையா வச்சிருக்கு). ஆனா இழுக்கும்போது எங்கேயோ ஒரு இணைப்பு தளர்ந்து கூடுதலா 0.02 ஓம் சேர்க்குது. கருவி 0.592 பார்த்ததும் நிறுத்திடுது, ஆனா அதுல 0.02 இணைப்போடது, காயிலோடது 0.572 மட்டும். அது வெறும் 176 டிகிரி. ஆவி மெலியத்தானே செய்யும்? டேங்கைத் திருகினா சரியாகுதுன்னு சொன்னீங்களே, அதுவே சாட்சி.

ஒரு நுணுக்கம்: அதே 0.02 எப்பவும் மாறாம இருந்தா பெரிய கெடுதல் இல்ல, பூட்டும்போதும் சேர்ந்தே பூட்டப்படும், 8 டிகிரி மாதிரிதான் விலகும். வந்து வந்து போற இணைப்புதான் ஆளைக் கொல்லும்.

இறுக்கிப்பிடி

மேல சொன்னது சரி. எங்கே தளர்வுன்னு தேடுற வரிசை இது. எளிதானதில இருந்து போங்க.

கருவியை அணைச்சு, பேட்டரியைக் கழட்டிடுங்க. 510 இணைப்பின் (கருவியில டேங்கைத் திருகி மாட்டுற இடம்) நடுப்பின், மரை ரெண்டையும் பட்ஸில ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைங்க. லிக்விட் கசிஞ்சு அங்கே ஒரு படலமா உட்காரும், கண்ணுக்குத் தெரியாது, பட்ஸ் பழுப்பாகும்போதுதான் தெரியும். டேங்க் அடிப்பக்கத்து மரையையும் அதே மாதிரி. முழுசாக் காயட்டும்.

அடுத்து டேங்கின் அடியில இருக்கிற பாசிட்டிவ் பின். நிறைய டேங்க்ல அது ஸ்க்ரூதான், நாளாவட்டத்துல தானாத் தளரும். சின்ன ஸ்க்ரூடிரைவர்ல கால் சுற்று முடுக்கிப் பாருங்க. அதுக்கு மேல பலம் காட்ட வேண்டாம், உள்ளே இருக்கிற இன்சுலேட்டர் நசுங்கினா ஷார்ட் ஆகும்.

என் சந்தேகம் முக்கியமா மூணாவது இடத்துல: காயில் கால்களைப் பிடிக்கிற போஸ்ட் ஸ்க்ரூ. புதுக் கம்பி முதல் சில தடவை சூடாகி ஆறும்போது ஸ்க்ரூவுக்கு அடியில படிஞ்சு உட்காரும், கட்டும்போது இருந்த இறுக்கம் ரெண்டாம் நாள் இருக்காது. நீங்க சொல்ற "ரெண்டு நாள் நல்லா இருந்தது" இதோட அப்படியே ஒத்துப்போகுது. காட்டனை எடுக்காமலே மறுபடி முடுக்கிடலாம். ஸ்க்ரூ கம்பியை வெட்டுற அளவுக்கு இறுக்காதீங்க. பாதி வெட்டுப்பட்ட கால் இன்னும் மோசமான இணைப்பு.

அங்கேயே இருக்கும்போது ரெண்டு விஷயம் பார்த்துடுங்க. கால் நுனி நீட்டிக்கிட்டு டேங்க் சுவரைத் தொடுதா? சுற்றுகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டுதா? இடைவெளி கம்பி தடிமன் அளவு, 0.4 மி.மீ. போதும். சுற்றுகள் அங்கங்க தொட்டா மின்சாரம் குறுக்கு வழி எடுக்கும், ரெசிஸ்டன்ஸ் குதிக்கும். வாட் மோடுல இது தெரியவே தெரியாது, டெம்ப் மோடுல உடனே காட்டிக்கொடுத்துடும்.

எல்லாம் முடிஞ்சதும் டேங்கை மாட்டாம, கருவி, டேங்க் ரெண்டையும் ஒரே அறையில 20, 30 நிமிஷம் விடுங்க. அப்புறம் மாட்டுங்க, 0.50 தானா பாருங்க, கையால டேங்கை லேசா அசைச்சுப் பாருங்க. அசைக்கும்போது எண் 0.01-க்கு மேல ஆடினா இன்னும் தளர்வு இருக்கு. ஆடலைன்னா ரெசிஸ்டன்ஸைப் பூட்டுங்க. இதுக்கப்புறம் நிரப்பிட்டு மாட்டும்போது எப்பவும் "பழைய காயில்"தான் அழுத்தணும். கம்பியை மாத்தினா மட்டும்தான் "புது", அதுவும் ஆறின பிறகு.

வாட்_வேறு_டிகிரி_வேறு

வாட், டிசிஆர் கேள்விகளுக்கு.

டெம்ப் மோடுல வாட்ங்கிறது வேகம், டிகிரிங்கிறது எல்லை. வாட்டைக் கூட்டினா காயில் அதிக சூடு ஆகாது, எல்லையைச் சீக்கிரம் தொடும். உங்க காயிலுக்கு 25ல இருந்து 35 வாட் சரியான வட்டம். இழுக்க ஆரம்பிச்சு ஒரு நொடி, ஒன்றரை நொடியில ப்ரொடெக்ட் செய்தி வந்தா வேகம் பொருத்தம். பட்டனைத் தொட்டதுமே வந்தா வாட் அதிகம், இல்லைன்னா இணைப்பு தளர்வு, இல்லைன்னா காட்டன் நனையல. வரவே இல்லைன்னா எல்லை ரொம்ப மேல இருக்கு, அப்போ நீங்க இழுக்கிறது வெறும் வாட் மோடு.

70 விஜி கெட்டியானது. காட்டனைத் திணிச்சா லிக்விட் ஏறாது. காயிலுக்குள்ள காட்டனை இழுக்கும்போது உரசணும், ஆனா காயில் கூடவே வளைஞ்சு வரக்கூடாது. காட்டன் காய்ஞ்சா கருவி மின்சாரத்தைக் குறைச்சு உங்களைக் காப்பாத்தும், அது டெம்ப் கன்ட்ரோலின் உண்மையான பயன். ஆனா அந்தக் காப்பு வேலை செய்ய அடிப்படை எண் சரியா இருக்கணும்.

டிசிஆர். 316எல்-க்கு 92 போடுங்க (சில கருவியில 0.00092-ன்னு முழுசாக் கேட்கும்). எஸ்எஸ்ங்கிற தயார் மோடை நம்பாதீங்க. அது 316-ஆ 304-ஆன்னு பல கருவிகள்ல சொல்றதே இல்ல. 304-க்கான எண் 105. கருவி உள்ளுக்குள்ள 105 வச்சிருந்து நீங்க 316எல் போட்டா, 220-ன்னு கேட்டு 248 வாங்குவீங்க. மத்த கம்பிகள்: எஸ்எஸ் 430-க்கு 138, டைட்டானியம் கிரேடு 1-க்கு 350ல இருந்து 366, நிக்கல் 200-க்கு 600 முதல் 620. எவால்வ் கம்பெனி 2014ல டிஎன்ஏ 40 போர்டோட (கருவிக்குள்ள இருக்கிற கட்டுப்பாட்டு சர்க்யூட்) இந்த முறையைக் கொண்டுவந்தப்போ நிக்கலை எடுத்துக்கிட்டது இதனாலதான். அவ்வளவு பெரிய ஏற்றத்தை அளக்கிறது சுலபம். கந்தால் கிட்டத்தட்ட ஏறவே ஏறாது, நிக்ரோம் 80 ஏறுறது 11 அளவுக்குத்தான். ரெண்டும் இந்த மோடுக்கு உதவாது.

தயவுசெஞ்சு இதை மட்டும் மறக்காதீங்க: எஸ்எஸ் காயிலை நிக்கல் மோடுல ஒருபோதும் சுடாதீங்க. நிக்கல் கணக்குப்படி 220-க்கு ரெசிஸ்டன்ஸ் 2.2 மடங்கு ஆகணும். எஸ்எஸ் கம்பி அவ்வளவு ஏற 1300 டிகிரி தாண்டணும். அதாவது எல்லையே கிடையாது, கம்பி சிவக்கும். தலைகீழாப் போட்டா ஆபத்து இல்ல: நிக்கல் காயிலை எஸ்எஸ் மோடுல விட்டா 51 டிகிரியிலயே நின்னுடும், ஆவியே வராது.

இன்னொண்ணு, எல்லையைக் கூட்டும்போது சில கருவிகள் 315 செல்சியஸைத் தாண்டினதும் ஃபாரன்ஹீட்டுக்கு மாறி அடியில இருந்து ஆரம்பிக்கும். 220 செல்சியஸ்னா 428 ஃபாரன்ஹீட். திரையில 220-க்குப் பக்கத்துல எந்த அலகு இருக்குன்னு ஒரு பார்வை பாருங்க.

நீலஆவி

போஸ்ட் ஸ்க்ரூதான்! ஒரு ஸ்க்ரூ முக்கால் சுற்று தளர்ந்திருந்தது. முடுக்கி, ஆறவச்சு 0.50ல பூட்டியாச்சு, 92 போட்டாச்சு. அசைச்சாலும் எண் ஆடல. ரொம்ப நன்றி.

ரெண்டு சந்தேகம் மிச்சம். பூட்டும்போது அறையே 35 டிகிரி இருந்தா? அப்புறம், திரை காட்டுற எண் உண்மைதானான்னு வெளியில இருந்து சோதிக்க வழி உண்டா?

ஓம்கணக்கு

அறை சூடு: போர்டு 20 டிகிரின்னு அனுமானிக்கிற ரகம்னா, 35ல பூட்டினா 220-க்குப் பதிலா 238 போகும். அதனால 18 டிகிரி குறைச்சு, 200 பக்கம் வச்சுக்கோங்க. சில போர்டுகள் தன் சூட்டைத் தானே அளந்து சரிபண்ணிக்கும். அதுக்கு இந்தக் கழிப்பு வேண்டாம், ஆனா சார்ஜ் போட்ட உடனே, கருவி சூடா இருக்கும்போது பூட்டினா அதுவும் ஏமாறும்.

இறுக்கிப்பிடி

சோதனைக்குக் காய்ந்த காட்டன் முறை இருக்கு. சுத்தமான காயில்ல லிக்விட் படாத புதுக் காட்டன் கோர்த்து, டேங்க் மேல்பாகம் இல்லாம, 15 வாட்ல வைங்க. 180 டிகிரியில ஆரம்பிச்சு மூணு நொடி அழுத்துங்க, காட்டனைப் பாருங்க. மாற்றம் இல்லைன்னா 10 டிகிரி ஏத்துங்க, 200-க்கு மேல 5, 5ஆ. காய்ந்த காட்டன் 215, 220 பக்கத்துல இளம்பழுப்பாகத் தொடங்கும். திரையில 190 இருக்கும்போதே பழுத்தா உண்மைச் சூடு அதிகம்: டிசிஆர் எண்ணை 92ல இருந்து ரெண்டு ரெண்டா இறக்குங்க. 240 காட்டியும் வெள்ளையா இருந்தா எண்ணை ஏத்துங்க. ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதுக் காட்டன், ஆறின காயில்.

பழுப்பு தெரிஞ்ச நொடியில விரலை எடுத்துடணும், காய்ந்த பஞ்சு தீப்பிடிக்கும். பக்கத்துல காகிதம், துணி வேண்டாம். நிக்கல், டைட்டானியம் ரெண்டையும் வெறும் காயிலா வாட் மோடுல சிவக்கவிட்டு சுத்தம் பண்ணவே கூடாது: டைட்டானியம் வெள்ளைப் பொடியா ஆக்சைடு விடும், மெல்லிசுக் கம்பி பத்திக்கவும் செய்யும். அதுக்கு வெந்நீர், பிரஷ் போதும்.

சோதிச்ச பிறகு சுவைக்கு எல்லையை நீங்க தேர்ந்தெடுக்கணும். பிஜி கொதிக்கிறது 188, விஜி 290, கலவை இடையில. 70 விஜிக்கு 200ல தொடங்கி 5, 5ஆ ஏத்திப் பாருங்க. ஆவி திருப்தியான இடத்துல நிறுத்திடுங்க. சூடு குறைஞ்சா சிதைவுப் பொருள் குறையும், அதுக்காக இழுக்கிறது தீங்கில்லாததுன்னு ஆகிடாது. நிகோடின் பழக்கம் இல்லாதவங்க கையில இதைக் கொடுக்க வேண்டாம்.

வாட்_வேறு_டிகிரி_வேறு

ஒரு சின்னச் சேர்ப்பு. டெம்ப் மோடு காயிலைத்தான் காக்கும், பேட்டரியை இல்ல. 30 வாட், பேட்டரி 3.2 வோல்ட்டுக்கு இறங்கின நிலை, போர்டு 90 சதவீதத் திறன்னு வச்சாலே 10 ஆம்பியருக்கு மேல இழுக்கும். 18650 பேட்டரியின் மேலுறை கிழிஞ்சிருந்தா முதல்ல அதை மாத்துங்க. அதோட, ஸ்க்ரூவை முடுக்கினீங்களே, அது மறுபடியும் படியும். நாலஞ்சு நாள்ல 0.50-க்கு மேல ஏதாவது காட்டினா, எதையும் புதுசாப் பூட்டாம முதல்ல ஆறவிட்டுப் பாருங்க. அப்பவும் 0.51-ன்னா ஸ்க்ரூடிரைவரை எடுங்க.